கையடக்க கேம் கன்சோல்: இருப்பதே போதுமா, புதுசு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்ட், பேட்டரி மாற்றுவதுதான் அன்றாட வேலை. ஆனால் கையில் பிடித்து ஆடும் வீடியோ கேம் மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. பங்குனித் திருவிழாவில், வெண்ணெய்த்தாழி அன்று, கடைத்தெருவில் அப்பா வாங்கிக் கொடுத்த பிரிக் கேமில் ஆரம்பித்தது அது. விஷயம் தெரிந்து இப்போது நீடாமங்கலம், கூத்தாநல்லூர், திருத்துறைப்பூண்டி பக்கமிருந்தும் ஆட்கள் கன்சோலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூடவே கேள்விகளும் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

போன் இருக்கிறதே, தனியாக ஒரு கன்சோல் எதற்கு?

போனிலேயே சந்தோஷமாக ஆடுகிறீர்கள் என்றால் எதுவும் வாங்க வேண்டாம். கன்சோலில் எனக்குப் பிடித்தவை இரண்டு. முதலாவது, பட்டன். திரையைத் தொட்டு ஆடும்போது நம் கட்டைவிரலே பாதிப் படத்தை மறைத்துவிடும். பட்டனில் விரலுக்கு இடம் தெரியும், கண் திரையை விட்டு நகர வேண்டாம். இரண்டாவது, தூங்க வைக்கும் வசதி. கடையில் ஆடிக்கொண்டிருப்பேன், ஆள் வந்தால் மேலே உள்ள பட்டனை ஒரு தட்டு, மேசை டிராயரில் வைத்துவிடுவேன். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால், தாவிக்கொண்டிருந்தவன் அதே பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நிற்பான். நாலு நிமிஷம் கிடைத்தாலும் ஆடலாம். வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான பொழுதுபோக்கு எனக்குத் தெரியவில்லை.

இதுவும் ரம்மி மாதிரி காசு போகிற விளையாட்டா? பையன் கேட்கிறான், பயமாக இருக்கிறது.

இல்லை. பல வீடுகள் பட்ட அடி அது, பயம் நியாயம்தான். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நான் பேசுவது வேறு ரகம்: ஒருமுறை காசு கொடுத்து விளையாட்டை வாங்குகிறோம், அதோடு சரி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். சில விளையாட்டுகள் இலவசம் என்று உள்ளே விட்டு, அப்புறம் உடை, ஆயுதம், நாணயம் என்று விற்கும். பையனின் கணக்கில் உங்கள் கார்டைச் சேர்த்து வைக்காதீர்கள். பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் வாங்குவதையும் நேரத்தையும் பூட்டி வைக்கலாம். முதல் நாளே செய்துவிடுங்கள்.

இப்போது என்னென்ன கன்சோல்கள் இருக்கின்றன?

நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது நின்டெண்டோ ஸ்விட்ச். 2017 மார்ச்சில் வந்தது, திரை 6.2 அங்குலம். 2019-ல் டிவியில் மாட்ட முடியாத சின்ன ஸ்விட்ச் லைட், திரை 5.5 அங்குலம். 2021-ல் 7 அங்குல ஓஎல்இடி (நிறம் பளிச்சென்று தெரியும் வகை) திரையோடு ஒன்று. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தது, திரை 7.9 அங்குலம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளைக் கையில் ஆட 2022-ல் வந்த ஸ்டீம் டெக், 2023-ல் வந்த ஆசுஸ் ராக் அல்லை. இவை போக, பழைய காலத்து விளையாட்டுகளை ஓட்டும் சின்னச் சின்ன சீனச் செட்டுகள்.

வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள், யாரும் பார்க்காதது: எடை. ஸ்விட்ச் லைட் 275 கிராம். ஸ்விட்ச் 2, இரண்டு பக்கமும் மாட்டும் ஜாய்கான் என்ற பட்டன் துண்டுகளோடு அரைக் கிலோவைத் தாண்டும். ஸ்டீம் டெக் 640 கிராமாவது இருக்கும். கட்டிலில் மல்லாந்து படுத்து ஆடுகிறவர் அந்த 640 கிராமை முகத்துக்கு மேலே ஒரு மணி நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இந்தியாவில் கேரண்டி உண்டா?

ராக் அல்லை 2023-லேயே இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்தது, ஆரம்ப விலை 69,990 ரூபாய். அதற்கு கேரண்டி உண்டு. ஸ்விட்ச் எல்லாம் இங்கே இம்போர்ட் பீஸ்தான். கடைக்காரர் சொல்லும் கேரண்டி அந்தக் கடையோடு சரி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மச்சான் வருகிறார். என்ன சொல்லி அனுப்பட்டும்?

திருச்சி விமான நிலையம் வழியாக வரும் பெட்டிகளில் கன்சோல் இல்லாத பெட்டி குறைவு என்று தோன்றும் அளவுக்கு இந்தக் கேள்வி வருகிறது. நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்.

ஸ்விட்ச் 2 ஜப்பானில் விலை குறைவு என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள். அங்கே விற்கும் விலை குறைந்த செட், ஜப்பானிய மொழிக்கென்றே பூட்டப்பட்டது. மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியாது, ஜப்பான் கணக்கு மட்டும்தான் அதில் ஏறும். எல்லா மொழியும் உள்ள செட்தானா என்று பெட்டியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். செட்டில் சொருகும் விளையாட்டு அட்டைக்கு இந்தக் கவலை கிடையாது. ஸ்விட்ச் அட்டை எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும்.

அடாப்டரின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஸ்விட்சின் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கும், பின் மாற்றும் சாக்கெட் போட்டால் போதும். ஆனால் ஸ்விட்சுக்கு முந்தைய நின்டெண்டோ கையடக்கமான 3டிஎஸ்ஸின் அமெரிக்க அடாப்டர் 120 வோல்டுக்கு மட்டும் ஆனது, நம் வீட்டு 230-ல் சொருகினால் புகைதான் வரும். பில்லையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.

இன்னொன்று. ஸ்விட்ச் 2-க்கு வரும் அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இருக்காது, சாவி மட்டும் இருக்கும், மொத்தத்தையும் நெட்டில் இறக்க வேண்டும். பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். கிராமத்தில் மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் வீட்டுக்கு அந்த அட்டை தலைவலி.

என்னிடம் பழைய ஸ்விட்ச் இருக்கிறது. எப்போது புதுசுக்கு மாறலாம்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் செட்டில் ஓடாத, இந்த மாதமே ஆட ஆசைப்படும் மூன்று விளையாட்டுகளின் பெயரைச் சொல்லுங்கள். மூன்றும் டக்கென்று வந்தால் வாங்கலாம். ஒன்று வந்து, இரண்டாவதுக்கு யோசித்தால் பொறுக்கலாம். பெயரே வராமல் 'புதுசு நல்லா இருக்குன்னாங்க' என்று வந்தால், உங்களுக்கு வேண்டியது புது விளையாட்டு, புதுச் செட் இல்லை. கடைக்கு வந்த ஒரு தம்பியின் ஸ்விட்சில் முப்பத்திரண்டு விளையாட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். முடித்தது இரண்டு, பதினொன்றில் முதல் கட்டத்தையே தாண்டவில்லை. அன்றைக்கு அவர் பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டு போனார்.

அப்புறம், கோளாறையும் வயதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பம்புசெட்டில் காயில் கருகினால் காயில் கட்டுகிறோம், மோட்டாரைத் தூக்கிப் போடுவதில்லை. சார்ஜ் நிற்கவில்லை, ஸ்டிக் (கட்டைவிரலால் தள்ளும் குச்சி) இழுக்கிறது, விசிறி இரைகிறது, இடம் போதவில்லை: இந்த நான்குமே சரிசெய்யக் கூடியவை. பழைய ஸ்விட்சில் உள்ளே 32 ஜிபிதான் இடம், ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு போட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது. அந்தக் கார்டை ஸ்விட்ச் 2-ல் போட்டு விளையாட்டு ஏற்ற முடியாது, அதற்கு எக்ஸ்பிரஸ் வகைக் கார்டு தனியாக வாங்க வேண்டும். மாறுவதற்கான செலவில் இதையும் சேருங்கள்.

சரியான காரணங்களும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியருக்கு ஐம்பது வயதுக்கு மேல். லைட்டின் சின்னத் திரையில் எழுத்து தெரியாமல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே ஆடுவார். 7 அங்குல ஓஎல்இடிக்கு மாறினார். ஒரு விளையாட்டுகூடப் புதிதாக வாங்கவில்லை, பழையதையே நிம்மதியாக ஆடுகிறார். கண்ணுக்கும் கைக்கும் ஆகவில்லை என்றால் நான் தயங்காமல் மாறச் சொல்வேன். பிடித்த விளையாட்டு திணறித் திணறி ஓடுவதும் நல்ல காரணம்தான். செல்டா வரிசையில் 2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் பழைய ஸ்விட்சில் நொடிக்கு 30 படத்துக்கு மேல் போகாது, ஸ்விட்ச் 2-ல் அதற்கான தனிப் பதிப்பில் 60 போகிறது. அந்த உலகத்திலேயே நூறு மணி நேரம் கிடக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். டெட்ரிஸ் ஆடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை.

புது மாடல் வந்ததும் வாங்குவது நல்லதா, காத்திருப்பதா?

காத்திருந்தவர்களுக்கு இதுவரை நல்லதே நடந்திருக்கிறது. நின்டெண்டோ 2001-ல் இறக்கிய கேம் பாய் அட்வான்ஸில் திரைக்கு விளக்கே கிடையாது, ஜன்னல் ஓரம் போய்த்தான் ஆட வேண்டும். 2003-ல் விளக்கோடு அதன் எஸ்பி மாடல் வந்தது. 3டிஎஸ் 2011-ல் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்து, ஆறு மாதம் ஆவதற்குள் 170-க்கு இறங்கியது. முதல் ஸ்விட்ச் சார்ஜ் தாங்கியது இரண்டரையிலிருந்து ஆறரை மணி நேரம். 2019-ல் அதே விலையில் வந்த திருத்திய மாடல் நாலரையிலிருந்து ஒன்பது மணி நேரம். ஸ்டீம் டெக்கும் இரண்டு வருஷம் முடியுமுன்பே ஓஎல்இடியாக மறுபடி வந்தது.

ஆனால் விலை இறங்கும் என்று மட்டும் இனி நம்பி இருக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் எட்டு வயதான ஸ்விட்சின் விலையை அமெரிக்காவில் ஏற்றினார்கள். இந்தத் தொழிலில் அப்படி முன்பெல்லாம் நடக்காது.

காசு விஷயத்தில் நம் ஊர்க் கணக்கு ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் உரம், களை என்று பணம் வயலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். தீபாவளி ஆஃபர் அப்போதுதான் வரும். அந்த நேரத்தில் தவணை போட்டு வாங்கியவர்கள் மார்கழியில் வந்து விற்க முடியுமா என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். தையோ மாசியோ, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் முழுப் பணம் கொடுத்து வாங்குங்கள்.

வேகம் அதிகமான கன்சோல்தானே எப்போதும் ஜெயிக்கும்?

கையடக்கத்தில் அப்படி நடக்கவில்லை. 1989-ல் வந்த கேம் பாய்க்குப் பச்சை படிந்த கறுப்பு வெள்ளைத் திரை. அதை உருவாக்கிய குன்பே யோகோய், விலை மலிந்த பழகிய பாகங்களைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதில் நம்பிக்கை உள்ளவர். அடுத்த வருஷமே செகா நிறுவனம் கலர் திரையோடு கேம் கியரை இறக்கியது. அது ஆறு பேட்டரியைப் போட்டு நாலைந்து மணி நேரம்கூட ஓடாது. கேம் பாய் நாலே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஸ்விட்ச் பேட்டரி 800 முறை முழு சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு ஏறத்தாழ 80 சதவீதம் தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. தினம் ஆடினாலும் சில வருஷம் தாராளமாக ஓடும். ஆடுகிற செட் சீக்கிரம் கெடுவதில்லை. பீரோவில் பூட்டி வைத்த செட்தான் கெடுகிறது. வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஏற்றுங்கள்.

பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, தரையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜில் போடாதீர்கள், அழுத்திச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். ஊசி பட்டால் தீப்பிடிக்கும். உள்ளே பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், நெம்பினால் கிழியும். பழக்கமுள்ள ஆளிடம் கொடுங்கள்.

ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் தானாக நடக்கிறான்.

இதற்கு ட்ரிஃப்ட் என்று பெயர். ஸ்டிக்குக்கு அடியில் கரி பூசிய பட்டை மேல் சின்ன உலோக முனை உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேய்ந்தாலோ தூசி சேர்ந்தாலோ அளவு தப்பும். முதலில் செட்டிங்ஸில் போய் ஸ்டிக்கின் நடுநிலையைச் சரிசெய்து பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். காந்தத்தில் வேலை செய்யும் ஹால் வகை ஸ்டிக் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள், உரசுகிற பாகம் இல்லாததால் அப்படித் தேயாது. இதற்காகப் புதுச் செட் வாங்கியவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

வெயில், உப்புக் காற்று, மழை?

ஸ்விட்ச் 5-லிருந்து 35 டிகிரி வரை உள்ள சூட்டில் ஆடத்தான் செய்யப்பட்டது. கத்திரியில் நம் ஊர் 38, 39 என்று போகும். உச்சி வெயிலில் பஸ் ஜன்னல் ஓரம் வைத்து ஆடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துச் செட்டுகளைத் திறந்தால் சார்ஜிங் போர்ட்டில் பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கும். கடல்காற்றின் வேலை அது. மூடியுள்ள டப்பாவில், மாத்திரைப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைப் போட்டு வையுங்கள். நனைந்துவிட்டால் அரிசி மூட்டைக்குள் புதைக்க வேண்டாம், அரிசித் தூசிதான் போர்ட்டுக்குள் அடையும். அணைத்து, அட்டையை எடுத்துவிட்டு, கடைக்குக் கொண்டு வாருங்கள்.

கரண்ட் இல்லாத நாட்களில் ஆட முடியுமா?

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவில் கம்பம் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வண்டி வரும். அந்த ஒரு மணி நேரத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தெருவின் போன்கள் எல்லாம் தொங்கும், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். முதலில் போன், அப்புறம் டார்ச், இடம் மிச்சம் இருந்தால்தான் என் 3டிஎஸ்.

ராத்திரியில் திண்ணையில் ஏழு பிள்ளைகள். வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி, வைஃபையையும் முப்பரிமாணத்தையும் அணைத்துவிடுவேன். ஒரு உயிர் போனால் அடுத்தவர் கை, அதுதான் சட்டம். கூரை பறந்துபோன வீட்டுப் பையன் ஒருவன், தன் முறை வரும்வரை மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தான். ஆறு நாள் அந்த ஒரே அட்டையை ஆடினார்கள். அந்தச் செட் இன்னும் என்னிடம் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது.

இப்போது வாங்குகிறவர்கள் பி.டி. (வேகமாகச் சார்ஜ் ஏற்றும்) வகை பவர் பேங்க் ஒன்று கூடவே வாங்குங்கள். ஸ்டீம் டெக்குக்கு 45 வாட் தருகிறதா என்று பாருங்கள், குறைந்தால் ஆடிக்கொண்டே சார்ஜ் ஏறாது.

விவசாய வீட்டு ஆட்களுக்குப் பிடிக்கிற விளையாட்டு உண்டா?

உண்டு, இதைப் பற்றிப் பேச எனக்கு அலுக்கவே அலுக்காது. 2020 நவம்பரில் வந்த 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்'. ஜப்பானில் எடெல்வைஸ் என்ற சின்னக் குழு செய்தது. பாதி நேரம் அரக்கர்களோடு சண்டை, மீதி நேரம் நெல் சாகுபடி. விதையைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிப்பது, நாற்று, நடவு, களை, தண்ணீர் அளவு, அறுப்பு, காயப்போடுவது, அடிப்பது, உமி நீக்குவது வரை எல்லாம் நாமே செய்ய வேண்டும். விளைச்சல் நன்றாக இருந்தால்தான் சகுனாவுக்குச் சண்டையில் பலம். ஜப்பானில் இதை ஆடியவர்கள் தங்கள் வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைத் தேடிப் போய்ப் படித்தார்கள்.

அப்பா பாமணி ஆற்றுப் பாசனத்தில் சம்பாவுக்கு சி.ஆர். 1009 போடுகிறவர். ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்தார். நான் வயலில் குளம் மாதிரி தண்ணீர் கட்டி வைத்திருந்தேன். "காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுறா, எப்பவும் நிறுத்திவச்சா வேர் என்னத்துக்கு ஆகும்?" என்றார். அப்புறம் நடவைப் பார்த்து, "இம்மாம் நெருக்கி நட்டா தூர் எங்க வெடிக்கும்?" அவர் சொன்னபடி செய்தேன், அடுத்த அறுவடை முந்தையதைவிட நன்றாக வந்தது. அதிலிருந்து சாயங்காலம் டீ குடிக்கும்போது "உன் வயல் எப்படி இருக்கு?" என்று கேட்பார். 2017 ஸ்விட்சிலேயே இது அழகாக ஓடுகிறது.

சகுனா, மரியோவெல்லாம் தமிழில் கிடைக்குமா?

ஸ்விட்சின் மெனுவில் தமிழ் கிடையாது. எழுத்து அதிகம் உள்ள விளையாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தால் போதும், சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சீனச் செட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்கிறார்களே?

செட் பரவாயில்லை, பழைய விளையாட்டுகளுக்குத் திரையும் பட்டனும் நன்றாகவே இருக்கும். கூட வரும் மெமரி கார்டு மட்டமானது, சீக்கிரம் போய்விடும், நல்ல கார்டாக மாற்றுங்கள். அதில் ஏற்றி வரும் விளையாட்டுகள் உரிமை இல்லாத நகல்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

புதுசு வாங்கினால் பழசை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். 3டிஎஸ்ஸின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு அதில் புதிதாக எதையும் வாங்க முடியாது. விற்றவர்கள் தாங்கள் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்ததையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் பழசு அவர்களுக்கு.

விற்கத்தான் வேண்டும் என்றால், முதலில் விளையாட்டுகளில் எதுவரை ஆடினீர்கள் என்று சேமித்து வைத்த கணக்கைப் புதுச் செட்டுக்கு மாற்றுங்கள். ஸ்விட்சில் ஆடிய கணக்கு அட்டையிலும் இருக்காது, மெமரி கார்டிலும் இருக்காது, செட்டுக்குள்ளேயேதான் இருக்கும். இரண்டு செட்டையும் பக்கத்தில் வைத்து, செட்டிங்ஸில் பயனர் பகுதியிலிருந்து மாற்றலாம். மாறிவிட்டதா என்று விளையாட்டைத் திறந்து பார்த்த பிறகே பழசை அழியுங்கள்.

ரிப்பேருக்குக் கொண்டு வரும்போது என்ன செய்ய வேண்டும்?

அட்டையையும் மெமரி கார்டையும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். எடுத்த அட்டையைச் சின்னப் பிள்ளை வாயில் வைத்துவிட்டுத் துப்பினால் பயப்படாதீர்கள், விழுங்கக் கூடாது என்று அதில் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். சார்ஜரைக் கண்டிப்பாகக் கொண்டு வாருங்கள், பாதிக் கோளாறு அதில்தான் இருக்கும். யாராவது ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திருகு நட்சத்திர வகை இல்லை, மூன்று கிளை உள்ளது. தப்பான திருப்புளி போட்டுத் தலை மழுங்கியிருந்தால், திறக்கவே அரை நாள் ஆகும்.